பெயர் சொல்ல விரும்பாத நிறுவனம்

அலுவலகத்தில் அவளுக்குச் சக்கரம் என்று பட்டப்பெயர். பயணப்பெட்டி செய்யும் கம்பெனி என்பதால் அந்தப் பெயர் அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஆள் எடுப்பது அவள் வேலை. போன் வந்தால் நடந்துகொண்டே பேசுவாள். மாடிப்படி ஏறி இறங்கி, சரக்குக் கூடத்தைச் சுற்றிவிட்டு மறுபடி தன் மேஜைக்கு வரும்போது ஒரு தையற்காரரை வேலைக்குச் சேர்த்து முடித்திருப்பாள். அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் பெரும்பாலும் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.

அவள் அப்பா பாலம் கட்டும் இடங்களில் மேஸ்திரி. ஒரு பாலம் முடிந்தால் வீடும் மாறும், பள்ளிக்கூடமும் மாறும். புது வகுப்பில் யார் தன்னோடு பேசுவார்கள், யார் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், யாரிடம் பென்சில் கேட்கலாம் என்று வாசலில் நின்றபடியே கண்டுபிடிக்கப் பழகியிருந்தாள். பிற்பாடு அந்தப் பழக்கத்துக்கே சம்பளம் கிடைத்தது. ஆனால் ஒரே இடத்தில் இருக்கப் பழகவில்லை. போனில் காப்பீடு விற்றாள். ஓட்டலில் வரவேற்பு மேஜையில் நின்றாள். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சியில் இருந்தாள். எதுவும் ஒட்டவில்லை.

பெட்டிக் கம்பெனி முதலாளி அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு வந்து சேர்றதுக்குள்ள கிளம்பிடும் போலிருக்கே" என்று ஓரமாகத் தள்ளினாராம். பக்கத்தில் இருந்த மார்க்கெட்டிங் மேனேஜர் அதை இழுத்து மறுபடி நடுவில் வைத்தாராம்.

"இத்தனை இடத்தப் பாத்தவளுக்கு மனுஷங்களப் பத்தித் தெரிஞ்சிருக்கும் சார். நமக்கு வேண்டியது அதுதானே?"

அந்த மேனேஜரை அலுவலகம் முழுக்க அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவரைவிட வயதில் மூத்த கணக்குப்பிள்ளைகூட அக்கா என்றுதான் சொல்வார். அக்கா நிதானமான மனுஷி. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டார். மதியம் இருவரும் ஜன்னலோர மேஜையில் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். இவள் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

"உக்காந்து சாப்பிடுடி. டப்பா என்ன ஓடியா போயிடும்?" என்பார் அக்கா. இவள் உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் எடுக்க எழுந்துவிடுவாள்.

அக்காவுக்கு ஒரு உதவியாளர் தேவைப்பட்டபோதுதான் சக்கரத்துக்கு மார்க்கெட்டிங் ஆட்களைத் தேடும் வித்தை பிடிபட்டது. முதலில், எல்லா வேலைக்கும் எல்லாரும் வந்து குவியும் பெரிய இணையதளத்தில் விளம்பரம் போட்டாள். விண்ணப்பங்கள் அடைமழையாகக் கொட்டின. கணக்கு எழுதுகிறவர்கள், காவலாளிகள், கப்பலில் சமைத்தவர், 'எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்' என்று ஒற்றை வரி எழுதியவர்கள். அதில் மார்க்கெட்டிங் தெரிந்தவரைப் பொறுக்கி எடுப்பதற்குள் கண் பூத்துவிட்டது. கடைசியில் தெரிந்த மார்க்கெட்டிங்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "நீங்க வேலை தேடினா எங்க போய்த் தேடுவீங்க?"

அப்படித்தான் அவர்களுக்கென்றே இருக்கும் தளம் ஒன்று தெரியவந்தது. கூட்டம் குறைவு. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள். தாங்கள் செய்த விளம்பரங்களையும், எது ஓடியது எது படுத்தது என்பதையும் போட்டு வைத்திருந்தார்கள். வேலை இல்லாதவர்களைவிட, ஒரு வேலையில் இருந்துகொண்டே அக்கம் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் அங்கே அதிகம். அதனால் அந்தத் தளத்தில் முதல் சுற்றில் விண்ணப்பிப்பவரின் பெயர், படம், வயது, இப்போது வேலை பார்க்கும் இடம் எதுவும் தெரியாது. கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் மட்டும் தெரியும். கம்பெனியும் விரும்பினால் தன் பெயரை மறைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் திரை. பதிலைப் படித்தே ஆளை எடை போட வேண்டும். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

ஒருநாள் காலை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"கதவச் சாத்தும்மா."

அவர் சொந்தக் கையால் பை வெட்டித் தைத்து மேலே வந்தவர். இத்தனை வருடம் கழித்தும் கத்தரிக்கோல் பிடித்த விரல் காய்த்துப் போயிருந்தது. எதிரே இருந்த மாதிரிப் பெட்டியின் கைப்பிடியை மேலே இழுப்பதும் கீழே அமுக்குவதுமாக இருந்தார்.

"மார்க்கெட்டிங்குக்கு ஒரு ஆள் பாக்கணும். பெரிய பொறுப்புக்கு."

"அக்காவுக்குக் கீழயா சார்?"

"அவளுக்குப் பதிலா."

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். "அவங்ககிட்ட ஒரு தடவை பேசிப் பாக்கலாமே சார்?"

"பேசிப் பேசித்தான் இங்க வந்து நிக்குது. எதிர்க் கம்பெனிக்காரன் தினமும் ஒரு தள்ளுபடி அறிவிக்கிறான். இவ எதுக்கெடுத்தாலும் வேணாம் வேணாங்கறா. நல்லவதான், நான் இல்லேங்கல. ஆனா புதுசா ஒரு யோசனை வரலையே." கைப்பிடியை அழுத்தி உள்ளே தள்ளினார். "ஆள் அமையற வரைக்கும் அவ காதுக்குப் போகக் கூடாது. உன்ன நம்பித்தான் சொல்றேன்."

முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

யாருமே விண்ணப்பிக்காதபடி ஒரு மொக்கை விளம்பரம் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தாள். எழுத உட்கார்ந்தால் கை கேட்கவில்லை. வழவழா வார்த்தைகளை வெட்டினாள். என்ன விற்கிறோம் என்று சொல்லாமலே யாருக்கு விற்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதினாள். கடைசியில் ஒரு கேள்வி சேர்த்தாள்: சரி என்று நீங்கள் முழுசாக நம்பியும் செய்ய முடியாமல் போன ஒரு வேலையைச் சொல்லுங்கள். பெயரை மறைக்கும் கட்டத்தைத் தட்டினாள். விளம்பரத்தின் தலையில் 'பெயர் சொல்ல விரும்பாத நிறுவனம்' என்று வந்து நின்றது. அதைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. அனுப்பிவிட்டு எழுந்து, எந்தக் காரணமும் இல்லாமல் சரக்குக் கூடத்தைச் சுற்றி வந்தாள்.

அதன்பிறகு மதியச் சாப்பாடு தண்டனையாகிவிட்டது. அக்கா எதையாவது சொல்லிச் சிரித்தால் இவள் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தாள். அக்காவின் போன் ஒலித்தால் இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னடி ஆச்சு உனக்கு? முன்னல்லாம் நடப்பே, இப்போ பறக்கறே. பாத்துட்டிருக்கற எனக்கே தலை சுத்துது."

"ஒண்ணுமில்லக்கா. வேலை கொஞ்சம் அதிகம்."

அந்த வாரமே பதில்கள் வரத் தொடங்கின. நல்ல பதில்கள்தான். காலை வெயில் மேஜையில் விழுந்துகொண்டிருந்த ஒரு நேரத்தில் அவள் நின்றபடியே ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்துக்கொண்டு வந்தாள். ஒரு பதிலில் விரல் நின்றது.

'நாங்கள் விற்கும் பொருளில் முதலில் உடைவது ஒரு சின்ன பாகம். அது உடைந்தால் வாங்கியவர் முழுப் பொருளையும் தூக்கிப் போட்டுவிடுகிறார். எப்போது வாங்கியிருந்தாலும் சரி, அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுப்போம், அதையே விளம்பரமாக்குவோம் என்று சொன்னேன். இது விற்கிற கடையா, பழுது பார்க்கிற கடையா என்று கேட்டார்கள். தள்ளுபடி கொடுத்தவரை மக்கள் அடுத்த தள்ளுபடி வரைதான் ஞாபகம் வைத்திருப்பார்கள். உடைந்ததைச் சரி செய்து கொடுத்தவரைப் பற்றிப் போகிற இடமெல்லாம் சொல்வார்கள். இதை நான் இன்னும் நம்புகிறேன்.'

அந்தப் பேச்சு நடந்த கூட்டத்தில் அவளும் இருந்தாள். உடைகிற பாகம் பெட்டியின் சக்கரம். விற்கிற கடையா, பழுது பார்க்கிற கடையா என்று கேட்டவர் முதலாளி. அக்கா கொண்டு வந்திருந்த காகிதங்களை அடுக்கி, மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டு போனது நேற்று நடந்தது போல் இருந்தது.

அக்கா தன் வேலைக்கே விண்ணப்பம் போட்டிருந்தார்.

வேறு யாராவதாக இருக்கக் கூடாதா, எத்தனை கம்பெனியில் எத்தனை பாகம் உடைகிறது என்று மதியம் வரை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மதியம் அந்த ஆறுதலும் போயிற்று.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முன்னால் குனிந்தார். "உன்கிட்ட மட்டும் சொல்றேன். நான் வேற எடம் பாக்கறேன்."

இவள் வாயில் இருந்ததை மென்று முழுங்கினாள்.

"ஒரு விளம்பரம் பாத்தேன்டி. பேரு போடல. ஆனா எழுதினது யாரோ விஷயம் தெரிஞ்ச ஆளு. ஒரு கேள்வி கேட்டிருக்காங்க பாரு, அப்படியே மனசுல கைவெச்ச மாதிரி. இந்த மாதிரி கேக்கத் தெரிஞ்ச எடத்துல வேலை பாத்தா எப்படி இருக்கும்னு தோணிச்சு. பதில் எழுதி அனுப்பிட்டேன்." அக்காவின் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து இவள் வெகுநாளாகப் பார்த்ததில்லை. "நீ இந்த வேலைல இருக்கறவதானே. நான் எழுதினத ஒரு தடவை படிச்சுப் பாத்துச் சொல்றியா?"

"பாக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு இவள் தண்ணீர் எடுக்க எழுந்தாள். தண்ணீர் டம்ளர் நிரம்பி வழிந்து காலில் கொட்டியது.

அன்று சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போகவில்லை. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊர் ஓரத்தில் காலி டிரம்களை வரிசையாக வைத்த ஒரு மைதானத்தில்தான் சாயங்கால வகுப்பு. கடைசி மாணவி இறங்கிப் போனதும் இவள் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பானெட்டில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"முதலாளிகிட்ட சொன்னா அக்காவக் காட்டிக் கொடுத்த மாதிரி. அக்காகிட்ட சொன்னா முதலாளிக்குக் கொடுத்த வாக்கு போச்சு. அந்த விண்ணப்பத்த சத்தமில்லாம ஒதுக்கிட்டேன்னு வைங்க, அக்காவுக்கு அவங்க கம்பெனிலேருந்தே 'மன்னிக்கவும்'னு பதில் போகும். நான் என்னங்க பண்றது?"

"முதல்ல நில்லு. எனக்குக் கழுத்து வலிக்குது."

நின்றாள்.

"சொல்லணும்னா சொல்லிடு. சொல்ல வேணாம்னா விட்டுடு. ரெண்டுக்கும் நடுவுல கிளட்ச்சுமேலயே கால வெச்சுக்கிட்டு இருந்தா வண்டிதான் வீணாப் போகும்."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நானா? ஆரம்பத்துலயே அந்த விளம்பரத்த எழுதியிருக்க மாட்டேன்." சொன்னதும் அவர் முகம் மாறியது, இது உதவவில்லை என்று அவருக்கே தெரிந்தது. "சரி, ஏறு. வீட்டுக்குப் போலாம்."

காலையில் முதலில் அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள். ஆனால் படியேறும்போதே முதலாளியின் குரல் கூப்பிட்டது. அவருக்கும் அந்தத் தளத்துக்குள் போகும் வழி உண்டு. அதுவரை எட்டிப் பார்க்காதவர், அன்று காலை உட்கார்ந்து எல்லாப் பதில்களையும் படித்திருந்தார். முகத்தில் உற்சாகம் பொங்கியது.

"வா வா. உக்காரு. இதப் படிச்சியா?" கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "சின்ன பாகம் உடையுதாம், இலவசமா மாத்திக் கொடுக்கணுமாம். நம்ம பெட்டிக்குச் சக்கரம் மாதிரி! அப்படியே நமக்குன்னே எழுதின மாதிரி இல்ல? இப்படி யோசிக்கற ஆளுதான்மா எனக்கு வேணும். எவனோ ஒரு முட்டாள் முதலாளி இத வேணாம்னு சொல்லியிருக்கான் பாரு."

அவள் உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு இருக்க இன்னும் ஒரு கணம் இருந்தது. அந்தக் கணமும் கைநழுவிப் போனது.

"அது நீங்கதான் சார்."

"என்னது?"

"விற்கிற கடையா, பழுது பார்க்கிற கடையான்னு கேட்டது நீங்கதான். இதே ரூம்ல. அக்கா சொன்னதுக்கு."

முதலாளி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடி படித்தார். உதடு அசைந்தது. படித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நிமிர்ந்தபோது முகத்தில் வெட்கமும் கோபமும் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்தன. கோபம்தான் முந்தியது.

"என் கம்பெனில இருந்துக்கிட்டே வெளிய வேலை தேடறாளா?"

"அவங்கள வெச்சுக்கிட்டே நீங்களும் வெளிய ஆள் தேடறீங்களே சார்."

"வெளிய போ."

வெளியே வந்ததும்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அக்காவுக்காகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அக்காவின் ரகசியத்தை அவிழ்த்து மேஜையில் போட்டிருந்தாள். முதலாளியின் போன் அக்காவை எட்டுவதற்குள் தான் எட்டிவிட வேண்டும் என்று ஏறக்குறைய ஓடினாள். அக்கா சரக்குக் கூடத்தில், புதிதாக வந்திருந்த பெட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி கேட்டது, தான் எழுதியது, பெயரை மறைத்தது, இன்று காலை வாய்விட்டது. கேட்டு முடித்ததும் அக்கா கேமராவின் மூடியைப் பொருத்தினார்.

"நான் உன்ன படிச்சுப் பாக்கச் சொன்னேனே. அப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்பவே தெரியும்."

"ஆமா."

அக்கா ஒரு பெட்டியை நகர்த்தி நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. "விளம்பரம் நல்லா எழுதியிருந்தே. அதான் ஏமாந்துட்டேன்" என்றார். குரல் உயரவே இல்லை. இவளைத் தாண்டி நடந்து, முதலாளியின் அறைக்குள் தானாகவே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே என்ன நடந்தது என்று முதலாளியே பின்னொரு நாள் சக்கரத்திடம் சொன்னார். அவர் மன்னிப்பு மாதிரி ஏதோ கேட்டிருக்கிறார். சக்கரம் மாற்றும் திட்டத்தை உடனே தொடங்கலாம், இருந்துவிடு என்றிருக்கிறார். அக்கா மறுத்துவிட்டாராம். "என் பேரு தெரியாதப்போ நல்லா இருந்த யோசனை, நான் எதிர்ல உக்காந்து சொன்னப்போ நல்லா இல்ல. அப்போ பிரச்சனை யோசனைல இல்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தாராம்.

குழந்தைகள் சைக்கிள் செய்யும் ஒரு கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அதே தளத்தின் வழியாகத்தான், ஆனால் பெயர் போட்ட விளம்பரம். கடைசி நாளன்று ஒவ்வொரு மேஜையாக வந்து விடைபெற்றார். கணக்குப்பிள்ளையிடம் சொன்ன அதே இரண்டு வாக்கியங்களைச் சக்கரத்திடமும் சொன்னார். அவர் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

முதலாளி அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "அந்த எடத்துக்கு ஆள் பாரும்மா. இந்தத் தடவை நம்ம பேரு போட்டே போடு" என்றார். தேடினாள். முன்பு வானொலியில் அறிவிப்பாளராக இருந்து மார்க்கெட்டிங்குக்கு வந்த ஒருவரைப் பிடித்தாள். அவர் வந்ததும் முதலாளி சக்கரம் மாற்றும் திட்டத்தைத்தான் முதல் வேலையாகக் கொடுத்தார். பேருந்துகளின் முதுகில் விளம்பரம் வந்தது. உடைந்த பெட்டிகளோடு மக்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாம் அக்கா சொன்னபடிதான் நடந்தது. கூடத்தில் எல்லாரும் கைதட்டியபோது அவளால் அங்கே இருக்க முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இந்தத் தடவை வேறு கம்பெனிக்குப் போகவில்லை. கணவரின் பயிற்சிப் பள்ளி அலுவலகத்துக்கு மேலே ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. மார்க்கெட்டிங் ஆட்களை மட்டும் தேடித் தருவது என்று அங்கே சொந்தமாகத் தொடங்கினாள். கம்பெனிகளுக்கு விளம்பரம் எழுதி, அந்தத் தளத்திலும் அதைப் போன்ற மற்றத் தளங்களிலும் போட்டு, பதில்களைப் படித்துப் பொறுக்கித் தருவாள். இரண்டு நிபந்தனைகள் வைத்தாள். கம்பெனி தன் பெயரை மறைக்கக் கூடாது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால், அவரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் தன்னிடம் வர வேண்டும். பாதிப் பேர் போனிலேயே சிரித்தார்கள். மீதிப் பேர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தார்கள்.

"நிபந்தனையக் கொஞ்சம் தளர்த்திக்கோயேன்" என்றார் கணவர். "கீழ என்கிட்ட வர்றவங்ககூட உன்கிட்ட வர்றவங்களவிட அதிகம்."

"அவங்கள்லயே யாராவது மார்க்கெட்டிங் பண்றவங்க இருக்காங்களான்னு கேளுங்க" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்கச் சொன்னாள். அப்படியும் ஒருத்தி கிடைத்தாள்.

மெல்ல மெல்லத் தொழில் காலூன்றியது. வருகிற கம்பெனிகள் குறைவு. வந்தவர்கள் திரும்ப வந்தார்கள். ஒருநாள் காலை அந்தக் குறுகிய படிகளில் யாரோ நிதானமாக ஏறி வரும் ஓசை கேட்டது. அக்கா வாசலில் நின்றார். முடியில் நரை கூடியிருந்தது.

"சைக்கிளுக்கு ஒரு ஆள் வேணும். எனக்குக் கீழ. புது எடம், யாரையும் அனுப்பிட்டு இல்ல" என்றபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். "பஸ்ல நம்ம பழைய கம்பெனி விளம்பரம் பாத்தேன். எழுத்து ரொம்பப் பொடிசு. பின்னாடி வர்றவன் படிக்கறதுக்குள்ள பச்சை விழுந்துடும்."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, அன்னைக்கு..." என்று தொடங்கினாள்.

அக்கா கையை உயர்த்தினார். "நான் மறக்கல. மறந்துட்டேன்னு நினைச்சு நீ நிம்மதியாகிடாதே. ஆனா இந்த வேலைய உன்னளவுக்குப் பண்ற ஆளு எனக்கு வேற கிடைக்கல. போதுமா?"

"போதும்க்கா."

"சரி, கேள்வியெல்லாம் என்னென்ன கேக்கப் போறே, அதச் சொல்லு."

இருவரும் அன்று மதியம் வரை விளம்பரம் எழுதினார்கள். மூன்று கேள்விகள் எழுதி முடித்ததும் சண்டை வந்தது. சம்பளத்தை வெளிப்படையாகப் போட வேண்டும் என்றாள் இவள். கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றார் அக்கா. அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று இவள் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். அக்கா போனை எடுத்துத் தன் கம்பெனியில் யாரிடமோ நீளமாகப் பேசினார். பேசி முடித்துவிட்டு, "போட்டுக்கோ" என்றார்.